பிடிமண் வரிசை

"பெயர்: ரெஜினா மேரி. தாய்: அருளம்மாள். ஊர்: எண்ணூர் சூசைக்குப்பம்." என் மனைவியின் ஞானஸ்நானச் சான்றிதழ் நகலில் வாசிக்க முடிந்தது இவ்வளவுதான். தேதி இருந்த இடத்தில் ஈரம் பட்டு மை கரைந்திருக்கிறது. தேதி இல்லாத ஆவணத்தை நான் பொதுவாக நம்புவதில்லை. ஆனால் ஊர்ப்பெயரை நம்பினேன். ஊர் எங்கே போய்விடும்?

நான் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறிய ஊரில் வசிக்கிறேன். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிராமத்துப் பங்குக் கோயில்களைத் தேடிப் போவது என் நெடுநாள் பொழுதுபோக்கு. கனடாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ யாராவது எழுதுவார்கள்: எங்கள் முன்னோர் இன்ன பண்ணையில் பிறந்தவராம், கோயில் எது, கல்லறை இருக்கிறதா என்று. நான் பஸ் பிடித்துப் போய், ஈரப்புல்லில் மண்டியிட்டு, பாசி பிடித்த கல்லின் மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்து எழுத்துக்களை வாசித்துப் பதில் போடுவேன். ரெஜினா குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த நாட்டுக் கல்லறைகளில் மணமான பெண்களையும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பொறிப்பது வழக்கம். அதில் அவளுக்கு ஒரு திருப்தி. "செத்த பிறகாவது அப்பன் வீட்டுக்குப் போறாங்களே" என்பாள்.

அங்கே ஆட்கள் போய்விடுவார்கள், மண் அப்படியே இருக்கும். குடும்பம் மொத்தமும் கப்பலேறிப் போன பண்ணையின் பெயர், அதே மேட்டில் இன்னும் பலகையில் தொங்கும். அந்தப் பழக்கத்தோடுதான் எண்ணூருக்கு வந்தேன்.

ரெஜினா சென்ற பிப்ரவரியில் இறந்தாள். எங்கே வைக்க வேண்டும் என்பதை அவளே சொல்லியிருந்தாள்: "எங்கம்மா பக்கத்துல." அவளுக்கு ஆறு வயதானபோது தாய் போய்விட்டாள். தகப்பன் அவளை ராயபுரத்தில் கன்னியர் நடத்திய ஒரு விடுதியில் சேர்த்துவிட்டுப் பம்பாய் போனவர், திரும்பவில்லை. விடுதியில் படித்து, நர்ஸாகி, கடல் தாண்டியவள் பிறந்த குப்பத்துக்கு மறுபடி போனதே இல்லை. "முழுசா கொண்டுபோக முடியாதுன்னா, கொண்டுபோற அளவுக்குச் சின்னதாக்கிக் கொண்டுபோங்க" என்றாள். எரித்தோம். காப்பித்தூள் டப்பா அளவுள்ள ஒரு மரப்பெட்டியில் என் தோள்பையில் வந்தாள்.

அக்டோபர் 28. ராயபுரத்தில் மழை. நான் திருநெல்வேலிப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட். வடசென்னை எனக்கு ஸ்காட்லாந்தைவிட அந்நியம். அறையில் பெட்டியை வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. பையோடு சுற்றினேன். மாலையில் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் இது; வாழைத்தண்டு சூப்போடு தருகிறார்கள். புளிப்பும் பூண்டும் மழைக்கு நன்றாக இருந்தது.

"இன்னா சார், பைய கீழ வெச்சிட்டு சோக்கா குந்தி துன்னு. எவனும் தூக்கினு பூட மாட்டான்" என்றார் வண்டிக்காரர்.

மடியிலேயே இருக்கட்டும் என்றேன்.

"அப்ப உள்ள தங்கம் கீது" என்று பக்கத்திலிருந்தவரிடம் கண்ணடித்தார். நான் சூப்பைக் குடித்தேன்.

மறுநாள் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினேன். காத்திவாக்கத்தில் இறங்க வேண்டியவன், வாசலை அடைத்திருந்த மீன்கூடைகளைத் தாண்ட முடியாமல் நின்றேன். "யோவ் பெர்சு, கூடைய மிதிக்காத! எறங்கறவன் மின்னாடியே வந்து நிக்க மாட்டியா?" என்று ஒரு பெண் அதட்டினார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்து வந்த எண்ணூரில் வேறு பக்கத்து நடைமேடை. அங்கும் அதே கதை. மீஞ்சூரில்தான் கூடைகள் இறங்கின, நானும் இறங்கினேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஊர் என்று படித்திருந்ததால் நிலையத்துத் தேநீர் கரிப்பதுபோலத் தோன்றியது. கற்பனையாகத்தான் இருக்கும். திரும்பும் வண்டி, சரக்கு ரயில்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, ஸ்காட்லாந்தின் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைவிடத் தாமதமாக வந்தது.

காத்திவாக்கத்தில் ஆட்டோக்காரரிடம் சூசைக்குப்பம் என்றேன்.

"பழசா, புச்சா?"

"பழைய ஊர்தான். கோயில், கல்லறை எல்லாம் இருக்கும் ஊர்."

"பழசுன்னா ஆட்டோ போவாது நைனா. போட்டு தான் வோணும்" என்று சிரித்தார். படகில் போகச் சொல்லி வெளியூர்க்காரனைச் சீண்டுகிறார் என்று நானும் சிரித்துவைத்தேன். சாலையின் ஓரம் முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. கிளீனர்கள் லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வானம் கரிப்புகை நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. இந்த வானம் மட்டும் எனக்குப் பழக்கமானது.

ஆட்டோ கடலுக்குப் போகவில்லை. சாலையின் மேற்கே திரும்பி, மூன்றடுக்குக் குடியிருப்புகளுக்கு நடுவில் நின்றது. படிக்கட்டில் உட்கார்ந்து இறால் தோலுரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அருளம்மாள் குடும்பம் என்று விசாரித்தேன். எழுபது வயதிருக்கும், கை நிற்காமல் தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"எந்த அருளம்மா? செத்துப்போன எங்க சின்னம்மாவா? அதும் பொண்ணு ரெஜினா தான், சீமைக்குப் பூட்சி."

நான் ரெஜினாவின் கணவன் என்றேன்.

கை நின்றது. அவர் எழுந்து, என்னைத் தாண்டி ஆட்டோவை எட்டிப் பார்த்தார். "எங்க அவ? உள்ள குந்தினுகீறாளா? எறங்கச் சொல்லு மாப்ள, இன்னா வெட்கம் அவுளுக்கு?"

தோள்பையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இறால் வாடையடிக்கும் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் பிலோமினா, ரெஜினாவின் பெரியம்மா மகள்.

அன்று மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டேன். இறால் தொக்கு, ரசம். பெட்டியைச் சாமிப்படத்தின் கீழ் வைத்து மெழுகுவத்தி ஏற்றினார். அவர் மகன் ஆரோக்கியம், நாற்பது வயதுக்காரர், துறைமுக லாரி ஓட்டுபவர், என்னைக் கல்லறைக்கு அழைத்துப்போனார். ஒரு தொழிற்சாலையின் பின்மதிலை ஒட்டிய இடம். கல்லறைத் திருநாளுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. மழை விட்ட இடைவெளியில் ஆட்கள் களையெடுத்துச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மதிலோரம் முதல் வரிசையில் ஆரோக்கியம் நின்றார். "தோ, நம்ம சின்ன ஆயா." நீலச் சிலுவையில் வெள்ளை எனாமலில் 'அருளம்மாள்'. வருஷா வருஷம் அவரே எழுதுகிறாராம்.

"தேதி போடலியா?"

"தேதி யாருக்கு தெரியும் சித்தப்பா? பேரு தெரிஞ்சா பத்தாதா?"

என் பழக்கத்தில் அந்த வரிசை முழுவதையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஒரு சிலுவையிலும் தேதியில்லை. எல்லா மேடுகளும் குழந்தைகளின் கல்லறைபோலக் குட்டை. பக்கத்து மேட்டுக்கும் அருளம்மாளின் மேட்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். இடநெருக்கடி என்று எழுதிவைத்தேன். கல்லறை கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அதற்குமேல் யோசிக்கவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 30. பங்குக் குருவைப் பார்த்தேன். இளைஞர், ஒரே வாரத்தில் மூன்று அடக்கத் திருப்பலி முடித்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "சாம்பலைப் பிரிக்கக்கூடாது, தூவக்கூடாது, கடல்ல விடக்கூடாது. பெட்டியோட மண்ணுல வைக்கலாம் சார். ஆனா ஊர்க்காரங்க சம்மதிக்கணும்."

ஊர்க்காரர்கள் மாலையில் கோயில் முற்றத்தில் கூடினார்கள். எரித்தது என்ற சொல்லிலேயே முகங்கள் மாறின. "எரிச்சிட்டீங்களா? நம்ம ஜனம் மண்ணுக்குள்ள தான் சார் போவும்" என்றார் ஒரு பெரியவர். "இன்னிக்கு பெட்டி வெப்பாங்கோ, நாளைக்கு ஆளாளுக்கு டப்பாவ தூக்கினு வருவான்" என்றார் இன்னொருவர். எனக்கு ஆறாம் தேதி விமானம். மறுத்துவிட்டால் ரெஜினா என்னோடு திரும்பி வந்து எங்கள் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டியதுதான்.

பிலோமினா பின்னால் நின்றிருந்தார். "ஏன்டா மைக்கேலு, உங்கப்பன் தண்ணியோட போனானே, அவன எந்த மண்ணுல வெச்ச நீ? பேரு மட்டும் சிலுவைல எழுதினு ஊதுவத்தி கொளுத்தல? இவ பொட்டியிலயாவது கொஞ்சம் கீறா."

டப்பா என்று பேசியவர்தான் மைக்கேல். அவர் தரையைப் பார்த்தார். "திருநாளுக்கே வெச்சிடுங்க" என்று பெரியவர் எழுந்துவிட்டார்.

நவம்பர் 1. திருநாளுக்கு முந்தைய காலை. குழி வெட்டுகிற துரை மண்வெட்டியோடு வந்தார். அருளம்மாளின் மேட்டில் அவர் முதல் வெட்டுப் போட்டதும் நான் பதறினேன். "மெதுவா, துரை. ரொம்ப ஆழம் வேண்டாம். கீழே இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ணிடாதீங்க."

துரை மண்வெட்டியை ஊன்றி நின்றார். "கீழ இன்னா சார் கீது, தொந்தரவு ஆவறதுக்கு? இது பிடிமண் வரிசை."

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவர் முகம் சாதாரணமாக இருந்தது. "தெரியாதா சித்தப்பா உனக்கு? பழைய குப்பம் தான் கடல் எட்த்துனு பூட்சே. கோயிலு, கல்லற, எல்லாம். சனம் இந்தாண்ட வரும்போது அவங்கவங்க கல்லறையிலேர்ந்து ஒரு பிடி மண்ணு எட்த்தாந்து இங்க வெச்சாங்கோ. இந்த வரிசைல ஆளே கெடையாது. எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரிந்ததால்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் மட்டும் சொல்லிப் பார்த்தார். பிடிமண் எங்கள் பக்கத்தில் சாமிக்கு எடுப்பது. குலதெய்வத்தைப் புதிய ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் பழைய கோயிலில் ஒரு கைப்பிடி எடுத்து வருவார்கள். இறந்தவர்களுக்கு எடுத்து இப்போதுதான் பார்க்கிறேன். ஊர் நகர்ந்தபோது பெயரையும் கல்லறையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் நான் பழகிய கணக்கு இங்கே செல்லவில்லை.

வேண்டாம், நிறுத்துங்கள் என்று துரையிடம் சொன்னேன். அவள் கேட்டது அம்மா பக்கத்தில். ஒரு வெற்று மேட்டின் பக்கத்தில் அல்ல.

பெட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஆரோக்கியமும் பிலோமினாவும் கூடவே வந்தார்கள். கரை என்று சொல்ல மணல் இல்லை. கொட்டிவைத்த கருங்கற்கள், அவற்றின் இடுக்கில் அறுந்த வலைத்துண்டுகள், செருப்புகள், அடுத்து உடனே தண்ணீர். காற்றில் எண்ணெய் வாடை. தூரத்தில் கப்பல்கள் முறைக்குக் காத்து நின்றன.

பிலோமினா ஒரு கல்லில் கையூன்றி உட்கார்ந்து காட்டினார். "தோ, நொரை ஒடையுது பாரு, அந்தாண்ட தான் கோயிலு. கல்லற அதுக்கும் அப்பால."

"போட்டு எடுக்கட்டா சித்தப்பா?" என்றார் ஆரோக்கியம். "தோஸ்து ஒருத்தன் கீறான். ஜல்தியா போயி, அங்கயே உட்டுட்டு வந்துடலாம். ஃபாதர் கைல நான் பேசிக்கிறேன்."

சரியென்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. குருவின் தடையைப் பற்றி அப்போது எனக்குக் கவலையில்லை. தாய் அங்கே இருந்தால் அவளும் அங்கேதான். பிலோமினாவிடம் கேட்டேன்: "அங்கேதான் இருக்காங்களா அக்கா?"

அவர் கடலைப் பார்த்தபடியே தலையாட்டினார். "அங்க ஒண்ணும் இல்ல மாப்ள. சொல்லுவானுங்கோ, அங்க கீது இங்க கீதுன்னு. அலை மொதல்ல மண்ண அரிச்சுது, அப்பால பொட்டி வெளிய தெரிஞ்சுது, அப்பால அதுவும் பூட்சி. நான் கண்ணால பாத்தேன். தண்ணிக்கு ஏது எடம்? இன்னிக்கு இங்க, நாளிக்கு பழவேற்காடு."

"அப்போ அந்த மண்?"

"அது நான் எட்த்தது தான். சின்னம்மாவுக்கு யாரு கீறா? புருசன் ஓடிட்டான், பொண்ணு ஆஸ்டல்ல. வூட்டுக்கு ஒருத்தர் போயி எடுங்கன்னு சாமியாரு சொன்னாரு. எங்கப்பாவுக்கு நான் போனேன். போனவ சின்னம்மாவுக்கும் சேத்து எட்த்தேன். முட்டி அளவு தண்ணி, சிலுவையெல்லாம் சாஞ்சி கெடக்குது. முந்தானைல இந்தாண்ட ஒரு முடிச்சி, அந்தாண்ட ஒரு முடிச்சி."

நிறுத்தி, மூக்கைச் சிந்தினார்.

"வர்ற வழில ஒரு அலை அடிச்சி உழுந்துட்டேன். பொடவையெல்லாம் சுத்திகிச்சி. முடிச்சி அவுரல, கெட்டியா தான் இருந்துது. ஆனா இங்க வந்து பாத்தா எது அப்பா, எது சின்னம்மான்னு தெரில. கேட்டா திட்டுவாங்கோன்னு ஒண்ண இங்க, ஒண்ண அங்க வெச்சிட்டேன். பக்கத்து பக்கத்துல."

ஆரோக்கியம் வாயைத் திறந்தபடி நின்றார். "யம்மா! இத்தினி வருசமா தாத்தாவுக்குன்னு நான் பீடி வெச்சினுகீறனே?"

"யாருக்கு போயிருந்தா இன்னாடா? சின்னம்மாவும் குடிக்கும்."

அழுதுகொண்டிருந்தவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பெட்டி நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போது பிலோமினாதான் சொன்னார். "நடுவுல வை மாப்ள. ரெண்டு மேட்டுக்கும் நடுவுல. எது சின்னம்மாவா இருந்தாலும் பக்கத்துல தான் இருப்பா. அந்தாண்ட எங்கப்பா, அவளுக்குப் பெரியப்பா. அவரும் அவள தூக்கி வளத்தவரு தான்."

நவம்பர் 2. கல்லறைத் திருநாள். இடம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவத்தியும். ஈரக்காற்றில் சுடர் நிற்கவில்லை. அணைய அணைய ஏற்றினார்கள். சிலுவைக்குச் சிலுவை குடும்பம் உட்கார்ந்திருந்தது. சிலர் பொங்கலும் வடையும் கொண்டுவந்து பங்கு வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் கோயில் முற்றங்களில் நாள் முழுக்க என்னையும் ரெஜினாவையும் தவிர ஒரு ஆளைப் பார்த்ததில்லை. இங்கே உட்கார இடமில்லை. பிடிமண் வரிசையிலும் அதே கூட்டம்தான். உள்ளே ஆள் இல்லை என்பதற்காக யாரும் பூவைக் குறைக்கவில்லை.

துரை அந்த ஒரு முழ இடைவெளியில் குறுகலாக, ஆழமாக வெட்டினார். கீழே வெளுத்த மணல் வந்தது. குரு தண்ணீர் தெளித்துச் செபித்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்க வேண்டியதில்லை. நான் மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டு வைத்தேன். கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது. மைக்கேல் குனிந்து, சொல்லாமலே முதல் பிடி மண்ணைப் போட்டார். சிலுவையில் என்ன எழுதுவது என்று ஆரோக்கியம் கேட்டார். 'ரெஜினா, அருளம்மாள் மகள்' என்றேன்.

பிலோமினா இரண்டு மேட்டிலும் ஒரே அளவு பூவை வைத்தார். ஆரோக்கியம் யோசித்துவிட்டு ஒரு பீடிக்கட்டைப் பிரித்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி வைத்தார்.

மண் அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதைக் குப்பத்தில் விசாரித்த எல்லாரும் ஒரேபோல் சொன்னார்கள், அதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு மேடுகளில் எது அருளம்மாளுடையது என்பது உறுதிப்படவில்லை. அது தெரிந்திருக்கக்கூடியவர் பிலோமினா ஒருவர்தான். அவருக்கும் தெரியாது.